பின் டிரெயிலியரை மாற்றுதல்: பொருத்தம் பார்க்கும் முறையும் பூட்டும் ஒழுங்கும்

பின் சில்லின் வலப்பக்கத்தில் தொங்கி, சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்த பற்சக்கரத்துக்குத் தள்ளும் கருவியே பின் டிரெயிலியர். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது, தேவையான கருவிகள் கையில் இருந்தால், ஒரு பின்னேர வேலைதான். ஆனால் இந்த வேலையைப் பழகவென்று எங்கள் முற்றத்துக்கு வந்தவர்களில் அநேகர் பூட்டும்போது தவறியவர்கள் அல்லர்; வாங்கும்போதே தவறியவர்கள். கொழும்பிலிருந்து பொதியில் வரவழைத்த பொருள் பொருந்தவில்லையென்றால், அதைத் திருப்பி அனுப்புவதற்குக் காசும் போகும், நாட்களும் போகும். அதனால் இந்த வழிகாட்டியின் முற்பாதி எண்ணுவதையும் அளப்பதையும் பற்றியது. ஸ்பனரைக் கையில் எடுப்பது ஏழாம் பகுதியில்தான்.

இங்கே சொல்வன ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த 6 கியர் சைக்கிள்களுக்கும், முன்னால் 3 பற்சக்கரமும் பின்னால் 6 முதல் 9 வரை பற்சக்கரமும் உள்ள சைக்கிள்களுக்கும் பொருந்தும். பின் சில்லின் குடத்துக்குள்ளேயே, அதாவது அச்சைச் சுற்றியுள்ள நடுப்பகுதிக்குள்ளேயே, கியர் அடங்கியிருக்கும் சைக்கிள்களுக்கு டிரெயிலியரே இல்லை. அவற்றுக்கு இந்த முறை உதவாது.

1. மாற்றத்தான் வேண்டுமா?

கியர் சரியாக விழவில்லை என்றவுடன் டிரெயிலியரைக் குற்றம் சொல்வதே வழக்கம். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது கேபிள். உப்புக்காற்று வீசும் ஊரில், உறைக்குள் இருக்கும் கம்பி வெளியே தெரியாமலே துருப்பிடித்துவிடும். எங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் செம்மண் தூசி அதனுடன் சேர்ந்து உறைக்குள் பசைபோல் இறுகிவிடும். கேபிள் இழுபடும், ஆனால் விடுபடாது. அதனால் பெரிய பற்சக்கரத்துக்கு ஒழுங்காக ஏறும் சங்கிலி, சிறியதற்கு இறங்கும்போது தயங்கும். இந்த அறிகுறி தெரிந்தால் கேபிளையும் உறையையும் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, டிரெயிலியரின் கேபிளைக் கழற்றிவிட்டு, அதன் உடலைக் கையால் உட்பக்கம் தள்ளி விடுங்கள். அது தங்கு தடையின்றித் தானாகத் திரும்பி வந்தால் வில்லுக்குக் குறையில்லை. டிரெயிலியரின் அடியில், கூடு எனப்படும் இரு தகடுகளுக்கு இடையே, சங்கிலி ஓடும் இரண்டு சிறு உருளைகள் இருக்கும். அவற்றில் கீழ் உருளையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மூட்டுகள் தேய்ந்து கூடு முழுவதும் தளர்ந்து ஆடினால், அந்த டிரெயிலியர் தன் காலத்தை முடித்துவிட்டது. மேல் உருளை மட்டும் இரு பக்கமும் சிறிது அசைவது குற்றமன்று. சங்கிலி தானாகப் பற்சக்கரத்தின் நேர்க்கு வருவதற்காகவே சிமானோ போன்ற நிறுவனங்கள் அதை அப்படிச் செய்கின்றன. அந்த அசைவைக் கண்டு நல்ல டிரெயிலியரைக் கழற்றி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சங்கிலித் தேய்வையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உருக்கு அடிமட்டத்தின் தொடக்கத்தை, சங்கிலிக் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஊசியின் நடுவில் வைத்து, அதிலிருந்து 24 ஊசிகளை எண்ணுங்கள். புதுச் சங்கிலியில் 24ஆவது ஊசியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் பின் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். தேய்ந்த பற்சக்கரத்தில் புதுச் சங்கிலி வழுக்கும். அந்த வழுக்கலையும் புது டிரெயிலியரின் பிழையென்றே நினைத்துவிடுவார்கள்.

2. பின்னால் எத்தனை, அது பிறீவீலா கசற்றா?

பின் பற்சக்கரங்களை எண்ணி, மிகச் சிறியதிலும் மிகப் பெரியதிலும் எத்தனை பல் என்று எழுதி வையுங்கள். பெரும்பாலும் பற்சக்கரத்திலேயே எண் பொறிக்கப்பட்டிருக்கும். இல்லையேல் ஒரு பல்லில் வர்ணத்தால் அடையாளமிட்டு எண்ணலாம்.

பிறகு சங்கிலியைக் கழற்றி, பற்சக்கரத் தொகுதியைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். அச்சைச் சுற்றி, கழற்றும் கருவி நுழையும் வரிப்பள்ளங்கள் தெரியும். பற்சக்கரங்களுடன் அந்தப் பள்ளங்களும் சேர்ந்து சுற்றினால் அது கசற். பற்சக்கரம் சுற்றப் பள்ளங்கள் அசையாமல் நின்றால் அது பிறீவீல், அதாவது குடத்தில் திருகிப் பூட்டிய தொகுதி. இரண்டையும் கழற்றும் கருவிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அளவில் வேறானவை. ஒன்றை மற்றதில் வற்புறுத்தி நுழைத்தால் பள்ளங்கள் சிதையும். டிரெயிலியரை மட்டும் மாற்றுவதானால் தொகுதியைக் கழற்றத் தேவையில்லை.

இதை இங்கே பிரித்தறியச் சொல்வதற்கு வேறொரு காரணம் உண்டு. டிரெயிலியரை மாற்றும்போதே 7 கியரை 8 ஆக்கலாம் என்ற ஆசை பலருக்கு வருகிறது. பிறீவீல் குடத்தில் அச்சைத் தாங்கும் வலப்பக்கக் குண்டுகள் உள்ளே தள்ளி அமைந்திருப்பதால், அச்சின் வலப்பகுதி தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கிறது. 8 பற்சக்கர பிறீவீலைப் பூட்டினால் அந்தத் தாங்கலற்ற நீளம் இன்னும் கூடும். அச்சு வளையும், சில வேளை முறியும். கரியலில் அரிசி மூட்டையோ ஆளோ ஏற்றும் சைக்கிளில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பிறீவீல் என்றால் 7உடன் நின்றுகொள்ளுங்கள். 8க்கும் 9க்கும் போக விரும்பினால் கசற் குடமுள்ள சில்லை முதலில் தேடுங்கள்.

3. லீவரும் டிரெயிலியரும் ஒரே குடும்பமா?

கியரை மாற்றக் கையால் இயக்கும் பிடியே லீவர். முழு வேலையிலும் அதிகம் குழப்புவது இதுதான். ஒருநாள் ஒரு தம்பி புதுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணை, இதில 9 கியர் எண்டு போட்டிருக்கு. என்ர சைக்கிள் 7. அப்ப இது ஓடாதுதானே?" அவர் வாங்கியிருந்தது சிமானோவின் பழைய இழுப்பு முறையிலான டிரெயிலியர், அவருடைய லீவரும் அதே முறையிலானது. ஆகவே அது ஒழுங்காக ஓடியது. காரணம் இதுதான்: எத்தனை கியர் என்பது டிரெயிலியருக்குத் தெரியாது. சொடுக்குகள் லீவருக்குள் இருக்கின்றன. கேபிள் எவ்வளவு இழுபடுகிறதோ, அதற்கு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் டிரெயிலியர் நகர்கிறது. அவ்வளவே அதன் வேலை.

அந்த விகிதம் ஒத்துப்போக வேண்டும் என்பதே பொருத்தத்தின் சாரம். சிமானோவின் 6, 7, 8, 9 கியர் டிரெயிலியர்களிலும், தெருச் சைக்கிளுக்கான 10 கியர் டிரெயிலியர்களில் பெரும்பாலானவற்றிலும், கேபிள் 1 மி.மீ. இழுபட்டால் டிரெயிலியர் ஏறத்தாழ 1.7 மி.மீ. நகரும். மலைச் சைக்கிளுக்கான 10 கியரில் இது ஏறத்தாழ 1.2, தெருச் சைக்கிளின் 11 கியரில் ஏறத்தாழ 1.4. ஸ்ராம் நிறுவனத்தின் ஒன்றுக்கொன்று எனப்படும் முறையில் 1.1 அளவு.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். 7 கியர்த் தொகுதியில் ஒரு பற்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5.0 மி.மீ. அதற்கான சிமானோ லீவர் ஒரு சொடுக்குக்கு ஏறத்தாழ 2.9 மி.மீ. கேபிளை இழுக்கிறது. 2.9ஐ 1.7ஆல் பெருக்கினால் 4.9, பொருந்துகிறது. அதே லீவருடன் மலைச் சைக்கிளின் 10 கியர் டிரெயிலியரைப் பூட்டினால் 2.9ஐ 1.2ஆல் பெருக்க 3.5தான் வரும். ஒரு சொடுக்குக்கு 1.5 மி.மீ. குறைகிறது; நான்காவது சொடுக்கில் சங்கிலி ஒரு முழுப் பற்சக்கரத்துக்கும் மேல் பின்தங்கியிருக்கும். எந்தத் திருகாணியைத் திருகினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. விலை கூடியது, புதியது என்பதற்காக 10 கியர் டிரெயிலியரை வாங்குபவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்.

லீவரின் சொடுக்கும் பற்சக்கர எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது வேறொரு கணக்கு. 8 கியரில் இடைவெளி 4.8 மி.மீ. 8 கியர் லீவரை 7 கியர்த் தொகுதியுடன் ஓட்டினால் ஒவ்வொரு சொடுக்கிலும் 0.2 மி.மீ. பிழை, ஆறு சொடுக்கில் 1.2 மி.மீ. நடுக் கியர்களில் சரிசெய்துவிட்டால் ஒருவாறு ஓடும், இரு ஓரங்களிலும் உராயும். 9 கியரின் இடைவெளி ஏறத்தாழ 4.35 மி.மீ. என்பதால் அந்தக் கலப்பு அறவே ஓடாது.

எனவே வாங்குமுன் லீவரின் அடிப்பக்கத்திலும் பழைய டிரெயிலியரின் உட்புறத்திலும் பொறித்திருக்கும் இலக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களில் சிறப்பாகக் கவனம் வேண்டும். கைபிடியைத் திருகும் வகையான ஸ்ராம் லீவர்களில் சில சிமானோ அளவில் இழுக்கும், சில இழுக்கா. நிறுவனப் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. 2023இல் சிமானோ வெளியிட்ட கியூஸ் வரிசையின் 9 கியர் டிரெயிலியர் பழைய 9 கியர் லீவருடன் சேராது; எண் ஒன்றாக இருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். சொடுக்கே இல்லாமல் உராய்வில் நிற்கும் பழைய லீவர் உங்களிடம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அது அநேகமாக எந்த டிரெயிலியருடனும் ஓடும், கேபிளின் குறைகளைப் பிற லீவர்களைவிட அதிகம் தாங்கும். அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

4. மிகப் பெரிய பல்லும் மொத்தக் கொள்ளளவும்

ஒவ்வொரு டிரெயிலியருக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, அது ஏறக்கூடிய மிகப் பெரிய பின் பற்சக்கரம். மற்றது, அது இழுத்துச் சுருட்டக்கூடிய தளர்ச் சங்கிலியின் அளவு; இதற்கு மொத்தக் கொள்ளளவு என்று பெயர்.

கொள்ளளவைக் கணிப்பது எளிது. முன் பெரிய பற்சக்கரத்திலிருந்து முன் சிறியதைக் கழியுங்கள், பின் பெரியதிலிருந்து பின் சிறியதைக் கழியுங்கள், இரண்டையும் கூட்டுங்கள். முன்னால் 42, 34, 24 உம் பின்னால் 14 முதல் 28 உம் இருந்தால், 18உம் 14உம் சேர்ந்து 32. பின்னால் 14 முதல் 34 என்றால் 38. முன்னால் 48, 38, 28 இருந்து பின்னால் 11 முதல் 34 ஆனால் 43. சிமானோவின் டேர்னி டிஒய்300, ஆல்டஸ் எம்310 ஆகிய இரண்டும் 34 பல் வரை ஏறும், 43 வரை சுருட்டும். ஆகவே மூன்று சேர்க்கைகளுக்கும் அவை போதும். முன்னால் ஒரே பற்சக்கரமுள்ள ஜப்பான் சைக்கிளில், பின்னால் 14 முதல் 28 என்றால், கொள்ளளவு வெறும் 14. அதற்குக் குட்டைக் கூடு போதும். நீண்ட கூடும் ஓடும், ஆனால் மதிலிலும் கல்லிலும் இடிபட இடம் கொடுக்கும்.

34 பல் எங்கள் ஊருக்குத் தேவையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. இங்கே எதிரி காற்றுத்தான். பண்ணைத் தாம்போதியிலோ பொன்னாலைப் பாலத்திலோ சோளகக் காற்றுக்கு எதிரே மிதித்தவர்களுக்கு இது தெரியும். காற்றுக்கு எதிரே வேண்டியது மிகத் தாழ்ந்த ஒரு கியரன்று. மிதிவேகத்தைக் கெடுக்காத சிறு சிறு மாற்றங்கள். 14 முதல் 28 வரையான சாதாரண 7 கியர்த் தொகுதியில் பற்கள் 14, 16, 18, 20, 22, 24, 28 என்று போகின்றன. 14 முதல் 34 வரையான தொகுதியில் முதல் ஆறும் அதேதான். கடைசியில் மட்டும் 24இலிருந்து 34க்கு ஒரே தாவல். அந்தத் தாவலில் கால் வெறுமையாகச் சுழலும், வேகம் விழும். முன்னால் 34உம் பின்னால் 28உம் போட்டால் மிதியின் ஒரு சுற்றுக்குச் சில்லு 1.2 சுற்றுச் சுழலும். போதாவிட்டால் முன்னால் 24 இருக்கிறது. முன்னால் ஒரே பற்சக்கரம் உள்ளவரும், கரியலில் பாரம் ஏற்றுபவரும் மட்டுமே 34ஐப் பற்றி யோசிக்கலாம்.

5. சட்டத்தில் பூட்டும் இடம்

சட்டத்தின் பின்முனையில், அச்சுக்குக் கீழே, திருகுவரி உள்ள ஒரு காது இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தொங்கி என்று இங்கே குறிப்பிடுகிறேன். இருந்தால் டிரெயிலியரை நேரே அதில் பூட்டலாம்; அதன் திருகுவரி பொதுவாக 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடையும் கொண்டது. இல்லையென்றால், அச்சு நட்டின் கீழ் மாட்டும் தட்டுடன் வரும் டிரெயிலியரை வாங்க வேண்டும். டேர்னியில் இரண்டு வகையும் கிடைப்பதால், பெட்டியைத் திறந்து தட்டு இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

6. எடுத்து வைக்க வேண்டியவை

5 மி.மீ., 6 மி.மீ. அலன் சாவிகள், சிறிய நட்சத்திரத் திருகி, செயின் கட்டர், கூரான கேபிள் வெட்டி, குறடு, கிறீஸ், பழந்துணி ஆகியன வேண்டும். அச்சுத் தட்டு வகையானால் 15 மி.மீ. ஸ்பனரும் வேண்டும்.

கேபிளையும் உறையையும் டிரெயிலியருடன் சேர்த்தே வாங்குங்கள். கியர்க் கேபிள் 1.2 மி.மீ. தடிப்பானது, அதன் உறை பெரும்பாலும் 4 மி.மீ. பிறேக் உறை 5 மி.மீ. தடிப்பும் சுருள்கம்பி அமைப்பும் கொண்டது. அந்தச் சுருள் வளைவுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப நீளம் மாறுவதால், அதைக் கியருக்குப் போட்டால் சொடுக்குகள் ஒத்துவரா. மாறாக, கியர் உறையைப் பிறேக்குக்குப் போடவே கூடாது. அதன் கம்பிகள் நெடுக்காக ஓடுவதால், பலமாகப் பிறேக் பிடிக்கும் கணத்தில் உறை பிளந்துவிடக்கூடும்.

சங்கிலி வாங்கும்போது பின் பற்சக்கர எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள். 6, 7, 8 கியர்களுக்கு ஒரே சங்கிலி போதும். 9க்கு ஒடுக்கமானது வேண்டும். கியர் இல்லாத சைக்கிளுக்கான அகன்ற சங்கிலி கடையில் எளிதாகக் கிடைக்கும், மலிவுங்கூட. ஆனால் அது பக்கவாட்டில் போதிய அளவு வளையாது, பக்கத்துப் பற்சக்கரத்திலும் உரசும்.

7. பழையதைக் கழற்றுதல்

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வேலை செய்ய வேண்டாம். அப்படிச் செய்தால் மேலும் கீழும் மாறித் தெரியும், டிரெயிலியரின் கோணத்தைக் கண்ணால் மட்டிட முடியாது. தாங்கி இல்லாதவர்கள் இருக்கைத் தண்டில் கயிறு கட்டி, மாமரக் கிளையிலோ விறாந்தை வளையிலோ தொங்கவிடலாம். பின் சில்லு நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்தால் போதும்.

சங்கிலியை மிகச் சிறிய பின் பற்சக்கரத்துக்குக் கொண்டு வந்து, சங்கிலியும் கேபிளும் பூட்டியிருக்கும் விதத்தைப் படம் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கேபிள் நுனியை வெட்டி, கேபிள் ஆணியைத் தளர்த்தி, கேபிளை இழுத்தெடுங்கள். சங்கிலியைப் பிரித்து எடுங்கள். பழைய சங்கிலியை எறியாமல் தொங்கவிடுங்கள், நீளம் பார்க்க உதவும். கடைசியாக டிரெயிலியரைக் கழற்றுங்கள். ஆணி துருவேறி இறுகியிருந்தால், துருநீக்கும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் பொறுப்பது தொங்கியைக் காப்பாற்றும்.

8. தொங்கி நேராக இருக்கிறதா?

புதியதைப் பூட்டுமுன் இதைப் பார்க்காவிட்டால் பின்னர் செய்யும் எல்லாமே வீணாகும். சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் விழுந்திருந்தால் தொங்கி உட்பக்கம் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். வளைவு 2 மி.மீ. ஆனாலும், ஒரு பக்கத்துக் கியர்கள் ஒத்துவரும்போது மறுபக்கத்துக் கியர்கள் உராயும்.

இதற்கென்று ஒரு கருவி உண்டு. அது இல்லாவிட்டால், விரைவாகக் கழற்றும் நெம்புகோல் அச்சுள்ள இன்னொரு பின் சில்லை எடுங்கள். அந்த அச்சின் புரியும் பொதுவாகத் தொங்கியின் புரியும் ஒரே அளவு. அச்சு முனையைத் தொங்கியில் சில சுற்று கையால் திருகிவிட்டால் இரண்டு சில்லுகளும் அருகருகே நிற்கும். மேலேயும் கீழேயும், முன்னும் பின்னும் இடைவெளியை அளந்து பாருங்கள். ஒன்றாக இருந்தால் தொங்கி நேர். வேறுபட்டால் பூட்டிய சில்லையே நெம்புகோலாகப் பிடித்து மெதுவாக நிமிர்த்தலாம். உருக்குச் சட்டமானால் இது அடங்கும். அலுமினியத் தொங்கி ஒருமுறைக்கு மேல் வளைந்து நிமிர்ந்தால் வெடிக்கக்கூடும். கழற்றி மாற்றத்தக்கதானால் புதியதை வாங்குவதே நல்லது. அச்சு கையால் இலகுவாகத் திருகுப்படாவிட்டால் உடனே நிறுத்துங்கள். சாதாரண நட்டு அச்சுகளில் வேறு புரி உடையவையும் உண்டு; வற்புறுத்தினால் தொங்கியின் புரி அழியும்.

9. பூட்டுதலும் மூன்று திருகாணிகளும்

புரியில் சிறிது கிறீஸ் பூசி, டிரெயிலியரைப் பின்பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். பி திருகாணி எனப்படும் சிறு திருகாணியின் நுனி, தொங்கியின் பின்புறப் படியில் வந்து அமர வேண்டும். சாய்க்காமல் திருகுபவரின் டிரெயிலியரில் அந்த நுனி படிக்கு முன்னால் நசுங்கிப்போகும். புதியவர்கள் செய்யும் முதற்பிழை இதுதான். ஆணியை 8 முதல் 10 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கலாம். குறுகிய அலன் சாவியை ஒரு கையால் திடமாக இறுக்கும் பலம் அது.

அடுத்தது சங்கிலி. முன் பெரியதையும் பின் பெரியதையும் சுற்றி, டிரெயிலியருக்குள் நுழைக்காமல், சங்கிலியை இழுத்துப் பிடியுங்கள். இரு முனைகளும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு அங்குலம், அதாவது ஓர் அகக் கண்ணியும் ஒரு புறக் கண்ணியும், கூட்டி வெட்டுங்கள். இதைவிடக் குறுகினால், தவறி பெரியதும் பெரியதும் சேரும்போது டிரெயிலியர் பிய்ந்து போகும். பழைய சங்கிலியின் நீளத்துக்கே வெட்டலாம் என்ற எண்ணம், பின் பற்சக்கரமும் கூடும் பழைய அளவிலேயே இருந்தால்தான் சரி. சங்கிலியைக் கூட்டினுள் விடும்போது, இரு உருளைகளுக்கும் இடையிலுள்ள சிறு தகட்டின் உட்பக்கமாக அது போகிறதா என்று பாருங்கள். தவறிப் போனாலும் சில்லு சுற்றும். ஆனால் ஓயாமல் கரகரக்கும்.

இப்போது, கேபிளை மாட்டாமலே மூன்று திருகாணிகளையும் சரிசெய்துவிட வேண்டும். கேபிள் இருந்தால், கேபிளின் பிழையையும் திருகாணியின் பிழையையும் பிரித்தறிய முடியாமல் போகும். எச் என்று குறித்தது வெளி எல்லைக்கு. கேபிள் இல்லாத டிரெயிலியர் தானாகவே சிறிய பற்சக்கரத்துக்கு வந்து நிற்கும். பின்னாலிருந்து பார்த்து, மேல் உருளை அந்தச் சிறிய பற்சக்கரத்தின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே நிற்கும்வரை எச் திருகாணியைத் திருகுங்கள். வலஞ்சுழியாகத் திருகினால் உருளை உள்ளே வரும். சங்கிலி பற்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் விழுகிறதென்றால் இந்தத் திருகாணியைத் திருகியது போதாது.

எல் என்று குறித்தது உள் எல்லைக்கு; பாதுகாப்பு முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. ஒரு கையால் மிதியை மெல்லச் சுற்றியபடி, மறு கையால் டிரெயிலியரின் உடலை வெளிப்புறத்திலிருந்து உள்ளே தள்ளுங்கள். விரல்கள் உருளைக்குக் கிட்டப் போகக் கூடாது. சங்கிலி மிகப் பெரிய பற்சக்கரத்தில் ஏற வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. மேல் உருளை அந்தப் பற்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்கையில் மேலும் தள்ள முடியாதபடி எல் திருகாணியை வலஞ்சுழியாக இறுக்குங்கள். இதைத் தவறவிட்ட ஒருவரின் டிரெயிலியர், ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லின் கம்பிகளுக்குள் போய், ஒரு கணத்தில் டிரெயிலியர், தொங்கி, ஆறு கம்பிகள் எல்லாம் சேர்ந்து போயின. அவர் வீதி ஓரத்தில் விழுந்ததால் தப்பினார்.

மூன்றாவது பி திருகாணி. முன்னால் சிறியதிலும் பின்னால் பெரியதிலும் சங்கிலி நிற்க, மேல் உருளைக்கும் பெரிய பற்சக்கரத்துக்கும் இடையில் 5 முதல் 6 மி.மீ. இடைவெளி வேண்டும். வலஞ்சுழி இடைவெளியைக் கூட்டும். உருளை பற்சக்கரத்தில் முட்டினால் உறுமும். அதிகம் விலகினால் கியர் மந்தமாக விழும்.

10. கேபிள்

லீவரை மிகச் சிறிய பின் பற்சக்கரத்துக்கான நிலையில் வையுங்கள். கேபிள் டிரெயிலியருக்குள் நுழையும் இடத்திலுள்ள சரிசெய் உருளையை முழுவதும் உள்ளே திருகி, பின்னர் ஒரு சுற்று வெளியே எடுங்கள். அப்போதுதான் பிறகு இரு பக்கமும் திருக இடமிருக்கும்.

உறையை வெட்டிய பின் அதன் வாய் வட்டமாகத் திறந்திருக்கிறதா என்று ஊசியால் பார்த்து, இரு முனைக்கும் தொப்பி போடுங்கள். டிரெயிலியருக்கு வரும் கடைசித் துண்டு இயல்பாக வளைய வேண்டும். காசை மிச்சம்பிடிக்கக் குறுக்கி வெட்டிய துண்டு முறிந்தாற்போல் மடிந்து கேபிளைப் பிடித்துக்கொள்ளும்.

கேபிளை ஆணியின் கீழ் மாட்டும்போது, அதற்கென்று உள்ள தவாளிப்பில் அது கிடக்க வேண்டும். ஆணியின் மறுபக்கமாக மாட்டினால் நெம்புநீளம் மாறும். நெம்புநீளம் மாறினால் மூன்றாம் பகுதியில் பார்த்த விகிதமே மாறிவிடும். எல்லாப் பொருளும் பொருந்தியிருந்தும் கியர் ஒத்துவராமல் இரண்டு நாள் வருந்திய ஒருவரின் சைக்கிளில் பிழை இதில்தான் இருந்தது. கேபிளைக் குறட்டால் மெல்ல இழுத்து, தளர்வு நீங்கியதும் ஆணியை 5 முதல் 7 நியூட்டன் மீற்றர் வரை இறுக்குங்கள்.

11. சொடுக்குகளை ஒத்திசைத்தல்

மிதியைச் சுற்றியபடி ஒரு சொடுக்குப் போடுங்கள். சங்கிலி இரண்டாவது பற்சக்கரத்துக்கு ஏறாவிட்டால் கேபிள் தளர்வு. சரிசெய் உருளையை வெளியே, அதாவது கேபிள் இறுகும் பக்கம், கால் சுற்றுத் திருகுங்கள். ஒரே சொடுக்கில் மூன்றாவதுக்குப் போனால் உள்ளே திருகுங்கள்.

இரண்டாவதில் நின்ற பிறகு, அடுத்த சொடுக்கு விழாமல் லீவரின் தளர்வு மட்டும் தீரும்வரை அதை மெல்ல அழுத்துங்கள். அந்த நிலையில் சங்கிலி மூன்றாவது பற்சக்கரத்தை இலேசாகத் தொட்டு ஓசை எழுப்பினால் இழுவிசை சரி. லீவரை விட்டவுடன் ஓசை நின்றுவிட வேண்டும். கண்ணைவிடக் காது இங்கே நம்பத்தக்கது; பக்கத்தில் வானொலி ஓடினால் நிறுத்திவிடுங்கள்.

பின்னர் எல்லாக் கியர்களிலும் ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறும்போது நன்றாகவும் இறங்கும்போது தயங்கியும் போனால் கேபிளில் உராய்வு. ஒரு ஓரத்தில் மட்டும் பிழையென்றால் தொங்கியை மீண்டும் பாருங்கள், அல்லது எண்ணிக்கை பொருந்தாத லீவரை. இந்தக் கட்டத்தில் எச், எல் திருகாணிகளில் கை வைக்கவே வேண்டாம். நடுக் கியர்களின் ஓசையை அந்தத் திருகாணிகளால் நீக்க முயல்வதுதான் நான் அதிகம் கண்ட பிழை. அவற்றுக்கு நடுக் கியர்களில் எந்த வேலையும் இல்லை.

12. வீதியில் பார்த்தல்

தொங்கவிட்ட சைக்கிளில் எல்லாம் ஒழுங்காக விழும்; பாரம் ஏறியதும் மாறலாம். முதலில் வாகனம் குறைந்த ஒழுங்கையில், பிறகு காற்றுள்ள திறந்த வீதியில் ஓட்டிப் பாருங்கள். கியரை மாற்றும் கணத்தில் மிதியை நிறுத்தாமல், அழுத்தத்தை மட்டும் குறைக்க வேண்டும். மிகப் பெரிய பற்சக்கரத்துக்கு முதல் தடவை போகும்போது மெதுவாகப் போங்கள்; கம்பிகளில் உரசும் ஓசை சிறிதும் கேட்டால் இறங்கி எல் திருகாணியைக் கால் சுற்று இறுக்குங்கள்.

புதுக் கேபிளும் உறைத் தொப்பிகளும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் தம் இடத்தில் அமர்ந்து இழுவிசை குறையும். கியர் ஏறத் தயங்கத் தொடங்கினால் சரிசெய் உருளையை அரைச் சுற்று வெளியே திருகினால் போதும். அதுவரை கேபிளின் மிச்ச நுனியை ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலம் விட்டு, பிரியாதபடி ஒரு நுனித் தொப்பியை நசுக்கிப் போட்டு வையுங்கள்.